உங்களுக்குத் தெரியுமா? தேஜஸின் விலைக் கணக்கு

தொழில்நுட்பம் வளர்ந்தால் போர் விமானத்தின் செலவு குறையுமா, கூடுமா? இரண்டும் நடக்கும். 2018இல் கோவை சூலூர் விமானப்படைத் தளத்துக்கு வந்த இந்தியப் போர் விமானமான தேஜஸே சாட்சி.

அதன் எடையில் சுமார் 45 விழுக்காடு கார்பன் இழை போன்ற கூட்டுப்பொருட்கள். பெரிய பாகங்களையும் ஒரே துண்டாகச் செய்துவிடலாம். உலோகத்தில் கட்டுவதைவிடப் பாகங்கள் 40 விழுக்காடு குறைந்தன. 10,000 ஆக இருந்திருக்க வேண்டிய போல்ட், ரிவெட்டுகள் 5,000 ஆயின. பூட்டும் காலம் 11 மாதத்திலிருந்து 7 மாதமாகச் சுருங்கும் என்று கணக்கிட்டார்கள். கூட்டுப்பொருள் பாகங்களை வடிவமைக்கப் பெங்களூரில் உருவான ஆட்டோலே மென்பொருளை ஏர்பஸ் நிறுவனமே ஏ380 விமானத்துக்காக வாங்கியது. நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல வேண்டிய செய்தி!

இப்படிக் குறையும் செலவை மறுபுறம் ஏற்றுபவை ரேடாரும் மின்னணுப் போர்க்கருவிகளும். 2021இல் 83 தேஜஸுக்குச் சுமார் 48,000 கோடி ரூபாய். 2025 செப்டம்பரில் 97 விமானங்களுக்கு, வரி நீங்கலாக, 62,370 கோடி. விலைவாசி உயர்வும் இதில் உண்டு. உத்தம் ரேடார் போன்ற புதுக் கருவிகளும் உண்டு.

போர் விமானங்களின் விலை ஏறிக்கொண்டே போனால் 2054இல் அமெரிக்கப் பாதுகாப்பு நிதி முழுவதும் ஒரே ஒரு விமானத்துக்குத்தான் போதும் என்று எச்சரித்தவர் அந்நாட்டுப் பொறியாளர் நார்மன் அகஸ்டின்.

அறிவியல் படிக்கும் பிள்ளைகளே, கூட்டுப்பொருள் பொறியியலையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.