படுக்கையறைச் சுவர்

இந்தத் துளைகள் 1940 மே 24 விடியற்காலையில் விழுந்தவை. ஓவியர் டேவிட் அல்ஃபாரோ சிகெய்ரோஸ் கூட்டிவந்த ஆயுதக் கும்பல் அறைக்குள் சரமாரியாகச் சுட்டது. லியோன் ட்ராட்ஸ்கியும் மனைவி நத்தாலியாவும் தரையோடு தரையாகக் கிடந்து உயிர் தப்பினர். பேரனுக்குக் காலில் காயம்.

செஞ்சேனையைக் கட்டி எழுப்பியவர் மெக்சிகோவில் இப்படி ஒளிய நேர்ந்த கதை மாஸ்கோவில் தொடங்குகிறது. 1922-இல் ஸ்டாலின் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளரானபோது பலர் கண்ணுக்கு அது வெறும் காகித வேலை. ஆனால் யாரை எந்தப் பதவியில் அமர்த்துவது என்பது அந்த மேசையில்தான் முடிவானது. அவரை மாற்றச் சொல்லி லெனின் எழுதவைத்த குறிப்பு, 1924-இல் லெனின் இறந்தபின் ஓரங்கட்டப்பட்டது. அடுத்து வந்த அதிகாரப் போட்டியில், மேடையில் யாரும் நெருங்க முடியாத ட்ராட்ஸ்கிக்கு ஆள் சேர்க்கும் சாமர்த்தியம் போதவில்லை. 1927-இல் கட்சியிலிருந்து நீக்கம், 1929-இல் நாடுகடத்தல். துருக்கி, பிரான்ஸ், நார்வே என்று அலைந்து 1937-இல் மெக்சிகோ வந்தார்.

தாக்குதலுக்குப் பின் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். கொலையாளி ரமோன் மெர்காடரோ தெரிந்தவனாக வாசல் வழியே வந்தான், கோட்டுக்குள் பனிமலைக் கோடரியோடு. ஆகஸ்ட் 20 மாலை தாக்கினான்; மறுநாள் ட்ராட்ஸ்கி இறந்தார்.

அவரது மேசை அடுத்த அறையில் இருக்கிறது. அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்தது ஸ்டாலினின் வாழ்க்கை வரலாறு.