வெளிநாட்டில் இருக்கும் உறவினரின் நிலத்தை விற்க வேண்டுமா? பவர் எழுதும் முன் இதைப் படியுங்கள்

“தம்பி துபாயில் இருக்கிறான். அவன் பெயரில் உள்ள ஒன்றரை ஏக்கர் நஞ்சையை விற்கச் சொல்லிவிட்டான். வாட்ஸ்அப்பில் சம்மதம் அனுப்பியிருக்கிறான். பத்திரம் போட அது போதுமா?”

விதைக்கும் உரத்துக்கும் வேளாண்மை அலுவலகம் வரும் விவசாயிகள், வந்த வேலை முடிந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், மலேசியா என்று பிள்ளைகள் பிழைக்கப் போன மாவட்டங்களில் இதை அடிக்கடி கேட்கலாம்.

வாட்ஸ்அப் சம்மதம் போதாது. முறையாக எழுதிய பொது அதிகார ஆவணம், அதாவது ஊரில் நாம் ‘பவர்’ என்று சொல்லும் பத்திரம் வேண்டும். அது இருந்தாலும் நிலம் உங்களுடையது ஆகிவிடாது. உங்கள் தம்பியின் கையெழுத்தை அவருக்காக நீங்கள் போடுகிறீர்கள், அவ்வளவுதான். இதை மறந்த குடும்பங்களில்தான் அண்ணன் தம்பி பேச்சு நின்று, வழக்கு வருகிறது.

முதலில் நிலம் யாருடையது?

பவர் எழுதும் முன் பட்டா, சிட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று நான்கையும் எடுத்துப் பாருங்கள். பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தால், வாரிசுச் சான்று வாங்கி, பங்கைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்துக் குடும்பத்தில் தந்தை உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த நிலத்தில் மகன்களைப் போலவே மகள்களுக்கும், அவர்களுடைய தாய்க்கும் பங்கு உண்டு. தம்பி கொடுக்கும் பவர் தம்பியின் பங்குக்கு மட்டுமே செல்லும். கட்டிக்கொடுத்த தங்கையின் கையெழுத்து இல்லாமல் முழு நிலத்தையும் கிரயம் செய்தால், அவர் பங்கு அவரிடமே நிற்கும். வழக்குக்கு வழி அங்கேதான் திறக்கிறது.

பவரை எங்கே எழுதுவது?

விடுப்பில் ஊருக்கு வரும்போது எழுதுவதே சுலபம். சார்பதிவாளர் முன் கையெழுத்திட்டுப் பதிவு செய்துவிடலாம்.

வர முடியாதவர் அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்திலோ, அங்குள்ள நோட்டரி முன்போ பாஸ்போர்ட்டுடன் போய்க் கையெழுத்திட்டு, சான்றொப்பம் பெற்று, அசல் பத்திரத்தைத் தபாலில் அனுப்பலாம். 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டம் இதை ஏற்கிறது. பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். வந்த தேதிக்குச் சாட்சி தபால் உறைதான். அதைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள்.

என்னென்ன எழுத வேண்டும்?

‘என் சொத்துகளை நிர்வகிக்க’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிய பவரை வைத்து நிலத்தை விற்க முடியாது. கிரயம் பேச, முன்பணம் வாங்க, கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட, பதிவுக்குத் தாக்கல் செய்ய என ஒவ்வொரு அதிகாரமும் எழுத்தில் இருக்க வேண்டும். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கெல்லை கட்டாயம்.

விவசாய நிலத்தில் பலர் கோட்டைவிடும் விஷயங்கள் சில உண்டு. பொதுக்கிணற்றில் எத்தனை பங்கு, எத்தனை நாள் முறை? மோட்டார் மின் இணைப்பு யார் பெயரில்? வண்டிப்பாதை யார் வயல் வழியாக? வரப்பில் நிற்கும் தென்னையும் தேக்கும் கிரயத்தில் சேர்ந்ததா? பவரிலும் கிரயப் பத்திரத்திலும் இவை இல்லாவிட்டால், நிலம் கைமாறிய பிறகு முதல் தண்ணீர் முறையிலேயே தகராறு தொடங்கிவிடும்.

நிலத்தில் குத்தகைதாரர் இருந்தால் அவரிடம் முதலில் பேசுங்கள். 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி சாகுபடி செய்யும் குத்தகைதாரருக்குப் பாதுகாப்பு உண்டு. நிற்கிற பயிரை யார் அறுப்பது என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள்.

பவருக்கும் ஆயுள் உண்டு

பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால், பொதுவாக அந்தப் பவரும் அன்றோடு முடிந்தது. அதன் பிறகு நிலம் வாரிசுகளுடையது. மரணத்தை மறைத்துப் பத்திரம் போடுவது மோசடிக் குற்றம். அதனால்தான் பதிவின்போது அவர் உயிருடன் இருப்பதற்கான சான்றைக் கேட்கிறார்கள். அது எப்படி இருக்க வேண்டும், யாரிடம் வாங்க வேண்டும் என்பதை சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, தம்பிக்குச் சொல்லிவிடுங்கள்.

மனம் மாறினால் பவரை ரத்து செய்யும் உரிமை கொடுத்தவருக்கு உண்டு. ரத்துப் பத்திரத்தைப் பதிவு செய்து, பவர் வாங்கியவருக்கும் நிலம் வாங்கப் பேசியவருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

பணம் யார் கையில்?

கிரயத் தொகை நேராக நிலக்காரரின் என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்குக்குப் போகட்டும். “என் கணக்கில் போடுங்கள், நான் அனுப்பிக்கொள்கிறேன்” என்ற ஒரு வார்த்தைதான் பல வீடுகளில் சந்தேகத்துக்கு விதை. என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை, வரிச் சான்றுகளுடன் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல வழி இருக்கிறது.

வெளிநாட்டில் வாழும் இந்தியர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. வாரிசாகப் பெறலாம், விற்கலாம். ஆனால் இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டுமே விற்க முடியும். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகனுக்கு விற்க முடியாது.

கிராமப்புற விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குப் பக்கம் என்றால் தூரம் பார்ப்பார்கள். அந்த ஊரின் மக்கள்தொகை 10,000-க்கு மேல் 1 லட்சம் வரை என்றால் 2 கி.மீ., 10 லட்சம் வரை 6 கி.மீ., அதற்கு மேல் 8 கி.மீ. இந்தத் தூரத்துக்குள் இருந்தால் வரி வரும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பதால் வாங்குபவரே வரியைப் பிடித்துச் செலுத்த வேண்டியிருக்கும். முன்பணம் வாங்கும் முன் ஆடிட்டரைப் பாருங்கள்.

வாசகர்கள் கேட்கும் இன்னும் இரண்டு

பவரை வைத்து நானே அந்த நிலத்தை வாங்கிக்கொள்ளலாமா?

விற்பவரும் நீங்கள், வாங்குபவரும் நீங்கள் என்றால் விலை நியாயமா என்று நாளை கேள்வி வரும். தம்பியின் தெளிவான எழுத்துச் சம்மதம் இல்லாவிட்டால் அவர் அந்தக் கிரயத்தையே மறுக்கலாம். அவரே நேரில் வந்து எழுதித் தரட்டும், அல்லது வேறொருவருக்குப் பவர் கொடுக்கட்டும். கூட்டுச் சொத்தில் அவர் பங்கை மட்டும் விட்டுக்கொடுப்பதானால் விடுதலைப் பத்திரமே பொருத்தம்.

முழுப் பணமும் கொடுத்து, என் பெயருக்குப் பவர் எழுதி வாங்கியிருக்கிறேன். நிலம் எனக்குச் சொந்தமா?

இல்லை. பவரும் ஒப்பந்தமும் கிரயம் ஆகாது, பதிவு செய்த கிரயப் பத்திரமே உரிமை தரும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுதிக் கொடுத்தவர் உயிருடன் இருக்கும்போதே கிரயத்தை முடித்து, பட்டாவையும் மாற்றிவிடுங்கள்.

பவர் வரைவு தயாரானதும், கையெழுத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோரையும் போனில் சேர்த்து, ஒரு வரி விடாமல் படித்துக் காட்டுங்கள். விலை என்ன, பணம் எந்தக் கணக்குக்கு என்பதையும் சொல்லுங்கள். ஆட்சேபம் இருந்தால் அன்றைக்கே வரட்டும். பத்திரம் போட்ட பிறகு வந்தால் அதைக் கோர்ட்டில்தான் பேச வேண்டியிருக்கும்.