நம் தலைக்கு மேல் இறங்கிய எக்ஸ் 3.9! தெரியுமா?

2024 மே 10, வெள்ளிக்கிழமை. பிற்பகல் மணி 2.54. மலேசியாவின் புஞ்சாக் ஆலாம் செம்பனை மரங்களுக்கு மேலே வழக்கமான வெயில்தானே என்று நினைத்திருப்பீர்கள். சூரியப் பிழம்பொன்றின் எக்ஸ் கதிர், உச்ச வீச்சில், அந்த நிமிடம்தான் நம் வானத்தில் வந்து மோதியது! தரம்: எக்ஸ் 3.9. மறுநாள் காலை 9.23-க்கு இன்னொன்று, எக்ஸ் 5.8! கீழே நமக்கு ஒன்றும் ஆகவில்லை. வளிமண்டலம் அத்தனையையும் மேலேயே விழுங்கிவிட்டது. ஆனால் பகலாக இருந்த பக்கமெல்லாம் சிற்றலை வானொலி தடுமாறியது.

பிழம்புகளுக்கு ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று ஐந்து தரம். ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் பத்து மடங்கு. எக்ஸுக்கு மேல் எழுத்தே கிடையாது! 2003 நவம்பர் 4-ல் வெடித்ததை அளக்க முடியாமல் செயற்கைக்கோள் கருவியே திணறிவிட்டது. பிறகு கணக்குப் போட்டு எக்ஸ் 28 என்றார்கள்.

இனிமேல்தான் வேடிக்கை. இந்த எழுத்து மென் எக்ஸ் கதிரை மட்டுமே சொல்லும். துகள்கள்? அது தனிக் கணக்கு! 2014 அக்டோபரில் ஒரே கரும்புள்ளிக் கூட்டம் ஆறு எக்ஸ் பிழம்புகளைக் கக்கியது. பெரிய புரோட்டான் புயல் ஒன்றுகூட வரவில்லை. 2024 மே 11-லோ, வந்த துகள்களின் தாக்கம் தரையில் இருக்கும் நியூட்ரான் கருவிகளிலேயே பதிவாகிவிட்டது.

அதனால் துகளைப் பார்த்தும் இனம் பிரிக்கிறார்கள். சட்டென வெடித்து அடங்கும் இனத்தில் எலெக்ட்ரான்கள் அதிகம். சூரியனில் அரிதான ஹீலியம்-3 வழக்கத்தைவிட ஆயிரம் மடங்குகூடக் குவிந்து வரும்! சூரியன் வீசியெறியும் பிளாஸ்மா மேகத்தின் அதிர்ச்சி அலையோடு வரும் இன்னோர் இனம், நாள்கணக்கில் புரோட்டான்களைப் பொழியும்.

காமா கதிரை விட்டுவிட முடியுமா? 1972 ஆகஸ்ட் 4-ல் ஓஎஸ்ஓ-7 செயற்கைக்கோள், சூரியனில் நியூட்ரானை ஹைட்ரஜன் கவ்வும்போது எழும் 2.223 மெகா எலெக்ட்ரான் வோல்ட் காமா கதிரைப் பிடித்தது. அணுவினை அங்கே நடக்கிறது என்பதற்குக் கையும் களவுமாகச் சாட்சி! அதே நாளில், அதே சீற்றம் கிளப்பிய காந்தப் புயலில், வியட்நாம் கடலில் அமெரிக்கர்கள் போட்டிருந்த கண்ணிவெடிகள் தாமாகவே வெடித்தன. நமக்கு அக்கம்பக்கத்துக் கடல்தான்!

இன்று பிழம்புகளை அளக்கும் வேலையில் நம்மவர் ஒருவரின் கையும் உண்டு. தமிழ்நாட்டுச் செங்கோட்டைக்காரர் நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்து, 2023 செப்டம்பர் 2-ல் கிளம்பிய இந்திய விண்கலம் ஆதித்யா எல்-1, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று மென் எக்ஸ் கதிர், வன் எக்ஸ் கதிர், துகள் மூன்றையும் அளக்கிறது. அதன் வன் எக்ஸ் கதிர்க் கருவி வழியிலேயே, 2023 அக்டோபர் 29-ல், ஒரு பிழம்பைப் பதிவு செய்துவிட்டது!

இனி செய்தியில் 'எக்ஸ் தரம்' என்று வந்தால் அதோடு விடாதீர்கள். புரோட்டான் வந்ததா என்றும் தேடிப் பாருங்கள்.