கழற்றவல்ல இயக்குபிடிகள்

கருவியொன்றின் ஆயுளை வரையறுப்பது அதன்கண் முதலில் தேயும் உறுப்பேயாம். கையடக்க விளையாட்டுக் கருவியில் அவ்வுறுப்பு, விளையாடுவோர் விரல் ஓயாது பயிலும் இயக்குபிடியாகும். ஆதலின் அப்பிடியைக் கழற்றத்தக்கதாய் அமைத்தல் நன்றோ, நன்றாயின் மூட்டு எவ்விடத்து அமைதல் தகும் என்னும் வினாக்கள் ஆராயத்தக்கன.

1989இல் வெளிவந்த கேம் போய் என்னும் கருவியிற் பொத்தான்கள் உடலோடு ஒன்றாய் அமைந்திருந்தன. 2017 மார்ச்சில் யப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ வெளியிட்ட சுவிட்ச் இம்முறையினின்றும் விலகியது. ஜோய்-கொன் எனப்படும் அதன் இரு பிடிகளும் திரையின் இருமருங்கும் உள்ள தவாளிப்புகளிற் சறுக்கிப் பொருந்துவன. பொருந்தியவிடத்து உலோகத் தொடுமுனைகள் வாயிலாக மின்னேற்றம் பெறும். கழற்றியவிடத்துத் தத்தம் மின்கலங்களால் இயங்கிப் புளூரூத் அலைகளாற் செய்தி அனுப்பும். பிரிந்தமையாற் புதுப்பயன்களும் விளைந்தன. வலப்பிடியிற் செந்நிறக்கீழ்க் கதிர்க் கமெரா ஒன்றுண்டு. 2018இல் வந்த லேபோ என்னும் தொகுதியிலுள்ள மட்டைப் பியானோவினுள் இப்பிடியைச் செருகினால், விசைகளோடு அசையும் ஒளிதெறி நாடாக்களைக் கண்டு, எவ்விசை அழுத்தப்பட்டதென அது உணரும்.

ஆயினும் குறையொன்று தோன்றிற்று. பிடியிலுள்ள சாய்கோல், மாறுந்தடையொன்றின் கரிப்படலத்தின்மீது தொடுமுனையை நகர்த்தித் தன் நிலையை உணர்த்துகின்றது. அத்தகைய படலம் தேயினும் தூசு படியினும், விரல் தீண்டாதபோதும் கோல் சாய்ந்ததாகவே கருவி கொள்ளும். இக்குறைபற்றிப் பல நாடுகளில் முறைப்பாடுகள் எழுந்தன. 2020 யூனில் நிறுவனத் தலைவர் புருகாவா பயனாளரிடம் மன்னிப்புக் கோரினார். கழற்றவல்ல பிடியுடையோர் பிடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 2019இல் வெளிவந்த சுவிட்ச் லைட்டிலோ பிடி கழலாமையின், கருவி முழுவதையுமே திருத்துநரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

எனினும், தேய்ந்தது சிறு கோல்; மாற்றப்படுவதோ மின்கலம், உணரிகள் முதலிய அனைத்தும் அடங்கிய பிடி. 2025 யூனில் வந்த சுவிட்ச் 2, தவாளிப்பை நீக்கிக் காந்தத்தாற் பிடிகளை இணைத்தது. இணைக்கும் வகை மாறிற்றேயன்றி இணையும் இடம் மாறவில்லை. சோனி நிறுவனம் வீட்டுக் கருவிக்கென 2023இல் வெளியிட்ட டுவல்சென்ஸ் எட்ஜ் என்னும் பெரிய இயக்குபிடியிற் சாய்கோலையே தனித்துக் கழற்றி மாற்றலாம்.

கையடக்கக் கருவிகளும் இவ்வழிச் செல்லுமா? இடையூறு உண்டு. மூட்டு ஒவ்வொன்றும் இடம் கொள்ளும்; தளர்வுக்கும் தூசிக்கும் வாயிலாகும். 1879இல் எட்வின் ஹோல் கண்டறிந்த விளைவைக்கொண்டு, காந்தப்புல மாற்றத்தாற் கோலின் நிலையைத் தொடாமலே அறிதல் பிறிதொரு வழி. அதில் உராயும் படலம் இல்லை. வருங்காலக் கருவி இவ்விரண்டனுள் ஒன்றையோ இரண்டையுமோ தழுவக்கூடும். எவ்வாறாயினும், தேய்வு நேரும் இடத்திற்கு அணித்தாக மூட்டை அமைத்தலே கருவி செய்வோர் கைக்கொள்ளத்தக்க நெறி. அந்நெறி நிற்பின், சிறு கோலொன்றின் தேய்வால் நல்ல கருவி குப்பையிற் சேராது.