'கலவரம்' என்னும் சொல்: 1983 யூலை குறித்து

1983 யூலையில் கொழும்பில் நிகழ்ந்தவற்றைக் குறிக்கக் 'கலவரம்' என்னும் சொல்லே பெருவழக்காயுள்ளது. இச்சொல்லின் பொருத்தப்பாட்டினை நாம் ஆராய்தல் வேண்டும்.

1967இல் டெட்ரோயிட்டிலும் 1981இல் லண்டனின் பிறிக்ஸ்ரனிலும், பொலிசாரின் அடக்குமுறைக்கு இலக்கான கறுப்பின மக்களே வீதிக்கு வந்தனர். கொழும்பிலோ நிலைமை தலைகீழாயிற்று. யூலை 23இல் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டமை உடனடிக் காரணமாகச் சுட்டப்படுவதுண்டு. ஆயின், 24ஆந் திகதி இரவு பொரளையில் மூண்ட தீ வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை எனப் பரவியபோது, வாக்காளர் இடாப்புகளுடன் வந்தோர் தமிழர் வீடுகளைத் தேடித் தாக்கினர். பொலிசாரும் படையினரும் பெரும்பாலும் பார்த்து நின்றனர். வெலிக்கடைச் சிறையில் அரசின் காவலிலிருந்த தமிழர் 53 பேர் 25, 27ஆந் திகதிகளிற் கொல்லப்பட்டனர். இடாப்பும் அரசினது, சிறையும் அரசினது.

இதன் வர்க்கப் பின்னணியும் மனங்கொள்ளத்தக்கது. 1977இன் பின்வந்த திறந்த பொருளாதாரம் சிறு உற்பத்தியாளரை நலிவித்தது. 1980 யூலை வேலைநிறுத்தத்தையடுத்து ஏறத்தாழ 40,000 ஊழியர் வேலையிழந்தனர். தொழிற்சங்க இயக்கம் முறியடிக்கப்பட்டபின், மக்களின் அதிருப்தியை இனப்பகையாக மடைமாற்றுதல் எளிதாயிற்று. தமிழர் ஆலைகள் எரிந்தபோது அங்கு உழைத்த சிங்களத் தொழிலாளரும் வாழ்விழந்தனர். எனினும், யூலை முடிவதற்குள் பழியை இடதுசாரிகள்மீது சுமத்தி அவர்தம் கட்சிகளை அரசு தடைசெய்தது.

தமிழ் அயலாரைத் தம் வீடுகளில் மறைத்துக் காத்த சிங்கள மக்களும் இருந்தனர். ஆதலின் இதனை ஈரின மோதல் எனல் பொருந்தாது. 'கலவரம்' என்னும் சொல் செயலைக் கூறிச் செய்தோரை மறைக்கிறது. 'அரச ஆதரவு பெற்ற இனவன்செயல்' என்பதே உண்மைக்கு அணித்தாகும்.