பார்த்தாலே ஒட்டிக்கொள்ளுமா?

வகுப்பில் ஒருவருக்குக் கண் சிவந்துவிட்டால் போதும். “ஐயோ, அவனைப் பார்க்காதே! மெட்ராஸ் ஐ ஒட்டிக்கும்!” என்று மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கள்ளக்குறிச்சி கடைவீதியிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். கல்வராயன் மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் கேட்கலாம்.

பார்த்தாலே நோய் வருமா, குழந்தைகளே? வராது. ஒருவரைப் பார்க்கும்போது அவர்மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் நம் கண்ணுக்குள் நுழைகிறது. வெளிச்சத்தில் ஏறிக்கொண்டு எந்த வைரஸும் வர முடியாது.

சரி, சளியும் காய்ச்சலும் கொண்டுவரும் வைரஸ்கள் வேறு விதத்தில் கண் வழியாக உடம்புக்குள் போக முடியுமா? முடியும்! எப்படி என்று பார்த்துவிடுவோம், வாருங்கள்.

கண்ணாடி முன் நில்லுங்கள்

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெளிச்சமான இடத்தில் கண்ணாடி முன் நின்று, கீழ் இமையை மூக்கோரமாக லேசாகக் கீழே இழுங்கள். இமையின் விளிம்பில், மூக்கை ஒட்டிய மூலையில், குண்டூசி முனை அளவுக்கு ஒரு புள்ளி தெரிகிறதா? அது ஒரு துளை. மேல் இமையிலும் அதேபோல ஒன்று உண்டு.

கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகி அணையில் சேர்கிறது. மதகைத் திறந்தால் வாய்க்கால் வழியே வயலுக்குப் பாய்கிறது. கண்ணீரின் பயணமும் இப்படித்தான். கண்ணுக்கு மேலே, வெளி ஓரத்தில் இருக்கும் சுரப்பியில் கண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. நாம் இமைக்கும் ஒவ்வொரு தடவையும் அது கண் முழுக்கப் பரவுகிறது. பிறகு அந்தத் துளைகளில் இறங்கி, ஒரு சின்னப் பையில் சேர்ந்து, குழாய் வழியே மூக்குக்குள் வடிகிறது. அழும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகுவது இதனால்தான். கண்ணுக்கு விட்ட சொட்டு மருந்து கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசப்பதும் இதனால்தான்.

ஆகவே, கண்ணில் விழுந்த வைரஸுக்கு இரண்டு வழிகள் கிடைக்கின்றன. வெள்ளை விழியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலேயே தங்கிப் பெருகலாம். இல்லையென்றால், கண்ணீரோடு சேர்ந்து மூக்குக்கு இறங்கிவிடலாம்.

விஞ்ஞானிகள் சோதித்தார்கள்

அமெரிக்காவில் கரோலின் ஹால் என்று ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். கைக்குழந்தைகளுக்குச் சளியும் இளைப்பும் தரும் ‘ஆர்.எஸ்.வி.’ என்ற வைரஸ் எந்த வழியாக உடம்புக்குள் போகிறது என்று கண்டுபிடிக்க விரும்பினார். சம்மதித்து முன்வந்த பெரியவர்களில் சிலருக்கு மூக்கிலும், சிலருக்குக் கண்ணிலும், சிலருக்கு வாயிலும் அந்த வைரஸை விட்டுப் பார்த்தார். 1981இல் முடிவு வெளிவந்தது. மூக்கு வழியாக எவ்வளவு எளிதாகத் தொற்றியதோ, கண் வழியாகவும் அவ்வளவு எளிதாகத் தொற்றியது! வாய் வழியாகத் தொற்றுவதுதான் கடினமாக இருந்தது.

2011இல் வெர்னர் பிஷாஃப் குழுவினர் இன்னொரு சோதனையை வெளியிட்டார்கள். மூக்கையும் வாயையும் நன்றாக மூடிய முகக்கவசம் அணிந்தவர்கள், கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். அவர்கள் இருந்த இடத்தில், தடுப்பு மருந்தில் சேர்க்கும் வலுவிழந்த ஃப்ளூ வைரஸைத் தெளித்தார்கள். பிறகு சோதித்தபோது அந்த வைரஸ் மூக்கில் இருந்தது.

2003இல் நெதர்லாந்தில் பறவைக் காய்ச்சல், பெரும்பாலும் கோழிகளிடமிருந்து, 89 பேருக்குத் தொற்றியது. அவர்களில் 78 பேருக்கு வந்தது கண்நோய் மட்டும்தான். கொரோனாக் காலத்தில் மருத்துவர்களும் செவிலியர்களும் மாஸ்க்கோடு நிற்காமல் முகத்துக்கு முன்னால் கண்ணாடி போன்ற தடுப்பும் அணிந்தது ஏன் என்று இப்போது புரிகிறதா? கொரோனாவுக்கும் ஃப்ளூவுக்கும் முக்கிய வழி நாம் இழுக்கும் மூச்சுதான். கண் ஒரு துணை வழி. நோயாளிகள் மிக அருகில் இருமும் இடத்தில் அந்தத் துணை வழியையும் அடைத்தாக வேண்டும்.

மெட்ராஸிலிருந்து ஒரு கதை

1918 வாக்கில் மெட்ராஸில் ஒரு கண்நோய் பெருவாரியாகப் பரவியது. ‘மெட்ராஸ் ஐ’ என்ற பெயர் வந்தது இதனால்தான். அந்த ஊரின் எழும்பூரில், 1819இல் தொடங்கிய பழமையான கண் மருத்துவமனை இருக்கிறது. அங்கே பணியாற்றிய கிர்க்பாட்ரிக் என்ற மருத்துவர் இந்த நோயைப் பற்றி 1920இல் மருத்துவ இதழில் எழுதினார். எந்தக் கிருமி இதைச் செய்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

1953இல் அமெரிக்க விஞ்ஞானிகள், குழந்தைகளின் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டுச் சதையில் ஒரு புதிய வைரஸைக் கண்டார்கள். அதுதான் அடினோவைரஸ். மெட்ராஸ் ஐ பெரும்பாலும் இந்த வைரஸ் குடும்பத்தால்தான் வருகிறது. இதே குடும்பம் தொண்டை வலி, சளி, காய்ச்சலையும் தரும். கண் சிவந்த சில பிள்ளைகளுக்குத் தொண்டையும் சேர்ந்து வலிப்பது இதனால்தான்.

உண்மையான குற்றவாளி யார்?

பார்வை குற்றமற்றது என்றால், மெட்ராஸ் ஐ எப்படித்தான் பரவுகிறது? பெரும்பாலும் கையால்! நோயுள்ளவர் கண்ணைக் கசக்குகிறார். அதே கையால் கதவுத் தாழ்ப்பாளையும் பேருந்துக் கம்பியையும் பிடிக்கிறார். அடுத்து அதைப் பிடித்த நாம் நம் கண்ணைக் கசக்குகிறோம். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 26 மருத்துவ மாணவர்களைக் கவனித்து, 2015இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஒருவர் மணிக்குச் சராசரியாக 23 தடவை முகத்தைத் தொட்டாராம். கிருமிகளைப் பற்றிப் படிப்பவர்களே இப்படி!

அடினோவைரஸ் காய்ந்த பொருள்களில் நாள்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். கொரோனா வைரஸுக்கு வெளியே கொழுப்பு உறை உண்டு. சோப்பும் சானிடைசரும் அதைக் கரைத்துவிடும். அடினோவைரஸுக்கு அந்த உறை கிடையாது. அதனால் சானிடைசரை மட்டும் நம்பக் கூடாது. சோப்பு நுரையில் 20 விநாடி நன்றாகத் தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவினால் வைரஸ் கையை விட்டுப் போய்விடும்.

நாம் செய்ய வேண்டியவை

விடுதியில் தங்கிப் படிக்கிறீர்களா? துண்டு, தலையணை, கைக்குட்டை ஆகியவற்றை யாரோடும் பகிராதீர்கள். கண் அரித்தால் கையைக் கழுவிய பிறகே தொடுங்கள். கண் சிவந்துவிட்டால் பள்ளிக்கு விடுப்பு எடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். மருந்துக் கடையில் நீங்களாகச் சொட்டு மருந்து வாங்கி விடாதீர்கள்; சில மருந்துகள் கண்ணுக்குக் கேடு செய்யும். இலைச் சாறு, தாய்ப்பால் எதையும் கண்ணில் ஊற்ற வேண்டாம். கறுப்புக் கண்ணாடி போடுங்கள். கண் கூச்சம் குறையும், கையும் கண்ணுக்குப் போகாது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் நோய் சரியாகிவிடும்.

கண் சிவந்த நண்பனை ஒதுக்காதீர்கள். கொஞ்சம் தள்ளி நின்று பேசுங்கள், வீட்டுப்பாடத்தைச் சொல்லுங்கள். பள்ளியிலோ விடுதியிலோ கை கழுவும் இடத்தில் சோப்பு தீர்ந்திருந்தால் ஆசிரியரிடமோ விடுதிக் காப்பாளரிடமோ கேட்டு வாங்குங்கள். அதற்குத் தயக்கமே வேண்டாம்; சோப்பும் தண்ணீரும் உங்கள் உரிமை.