பள்ளிக்கரணையின் எல்லை எந்த வரைபடத்தில் இருக்கிறது?

தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் காப்பது வனத்துறையின் வேலை என்று பொதுவாகக் கருதப்பட்டாலும், அதில் எவ்வளவு எஞ்சும் என்பது பெரிதும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கோப்புகளிலேயே முடிவாகிறது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 இன்படி அக்குழுமம் வகுக்கும் முழுமைத் திட்டம், அதாவது எந்தப் புல எண்ணில் எதைக் கட்டலாம், எதைக் கட்டலாகாது என்று வரையறுக்கும் வரைபடமும் விதிகளும், திட்ட அனுமதி கோரும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அளவுகோலாகிறது.

ஊரார் கழுவெளி என்றழைத்த இந்நிலம் ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்ததாகக் கணக்கிடப்படுகிறது. பயனற்ற நிலமென்று எண்ணப்பட்டதால் பெருங்குடியில் குப்பை கொட்டப்பட்டது. ரேடியல் சாலை சதுப்பை ஊடறுத்துச் சென்றது. ஆய்வு நிறுவனங்களும் கணினி நிறுவனங்களின் வளாகங்களும் எழுந்தன. இவற்றில் பல அரசே நிலம் ஒதுக்கியோ ஒப்புதல் அளித்தோ நடந்த பணிகள் என்பதை மறக்கலாகாது. தனியார் ஆக்கிரமிப்பை மட்டும் குற்றம் சாட்டுவது பாதி உண்மையே.

2007 இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2008 இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டமும் சதுப்பின் ஒரு பகுதியைக் கட்டுமானம் கூடாத பகுதியாகக் குறித்தது. 2022 இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சர் பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் பள்ளிக்கரணை சேர்க்கப்பட்டபோது, அதன் பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேராகக் காட்டப்பட்டது. சிக்கல் இங்கேதான் பிறக்கிறது: ராம்சர் எல்லை புல எண்வாரியாகத் திட்ட வரைபடத்தில் ஏறாதவரை, அதற்குள் அமைந்த பட்டா நிலத்துக்கு வரும் விண்ணப்பத்தை மறுப்பதற்கு அலுவலரின் கையில் தெளிவான விதி இராது.

எல்லைக்கு வெளியிலும் கண் செல்ல வேண்டும். மேட்டுப்பாங்கான பகுதிகளிலுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் கழுவெளியில் தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. ஏரிகளை இணைக்கும் கால்வாய்கள் குறுகினாலோ, கரையோர நிலங்கள் மண்ணிட்டு உயர்த்தப்பட்டாலோ, வேலிக்குள் ஒரு செங்கல்லும் வைக்கப்படாத நிலையிலேயே நீரின் ஆழமும் தன்மையும் மாறிவிடும். ஆழமற்ற நீரில் இரைதேடும் பூநாரைக்கும், மிதக்கும் இலைகளின்மேல் கூடமைக்கும் நீளவால் இலைக்கோழிக்கும் அதன்பின் அங்கே இடமில்லை. மழைநீர் வேளச்சேரி வீடுகளுக்குள் புகுவதும் இதே காரணத்தின் இன்னொரு விளைவு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 இல், செல்வாக்கு மண்டலம் எனப்படும் பாதிப்பு வளையம் அறிவியல் ஆய்வால் வரையறுக்கப்படும்வரை, ராம்சர் பகுதியிலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் அனுமதி வழங்கலாகாது என்று ஆணையிட்டது இந்த நீரியல் உண்மையை ஏற்றதன் அடையாளமாகும்.

அவ்வாணை அப்பகுதியில் சிறுமனை வாங்கியோரைக் கலங்கச் செய்ததும் உண்மையே, அவர்களின் குறையும் நியாயமானதே. எல்லை முன்கூட்டியே வரைபடத்தில் இருந்திருந்தால் அவர்கள் அம்மனைகளை வாங்கியிருக்கவே மாட்டார்கள். 2027 முதல் 2046 வரையிலான மூன்றாம் முழுமைத் திட்டம் உருவாகும் இவ்வேளையில், சதுப்பும் வரத்துக் கால்வாய்களும் புல எண்ணோடு அதில் இடம்பெற வேண்டும். கட்டும் உரிமையை இழக்கும் பட்டாதாரருக்கு அதே அளவு உரிமையை வேறிடத்தில் பயன்படுத்தவோ விற்கவோ வழிசெய்யும் வளர்ச்சி உரிமை மாற்றமும் அத்துடன் வழங்கப்பட வேண்டும்.